முதல் ரூபாய் எதற்கு? ஏர் ரைபிள் சைட் பற்றிய பழைய கேள்வியும் அதன் கணக்கும்

24 கேஜ் நிட்டிங் மெஷினில் அடுத்தடுத்த இரண்டு ஊசிகளுக்கு நடுவே உள்ள தூரம் ஒரு மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் அதிகம். 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் சுடுபவர் கண் வைத்துப் பார்க்கும் பீப் சைட்டின் துளையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்தத் துளை வழியே தெரியும் கறுப்பு வட்டத்தின் விட்டம் 30.5 மி.மீ. அதன் நட்டநடுவே இருக்கும் பத்தாம் எண் பொட்டு அரை மில்லிமீட்டர்.

திருப்பூரிலிருந்து தெற்கே வரும் சாலை கோவை–திருச்சி நெடுஞ்சாலையைத் தொடும் இடம் அவிநாசிபாளையம். பனியன் கம்பெனிக்கும் விசைத்தறிக்கும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் நிறைந்த பகுதி இது. மில்லிமீட்டரில் பிழை பார்ப்பது இங்கே அன்றாடத் தொழில். செக்கிங் டேபிளில் துணியை விரித்து, பிக் கிளாஸ் என்னும் உருப்பெருக்கியை வைத்துத் தையலை எண்ணும் கைக்கு அரை மில்லிமீட்டர் என்பது வெறும் சொல் அல்ல. ஆனால், பீஸ் ரேட் கூலியில் ஓடும் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை துப்பாக்கி சுடும் விளையாட்டுக்கு வந்தால் முதலில் எதிரே நிற்பது பணம்தான். கையில் ஏதோ ஒரு ஏர் ரைபிள் இருக்கிறது. கொஞ்சம் சேமிப்பும் இருக்கிறது. அதை எதற்குச் செலவிடுவது? புது சைட்டுக்கா, ஸ்கோப்புக்கா, பெல்லட்டுக்கா, பயிற்சிக்கா? நூற்றாண்டுக்கும் மேலாக வெவ்வேறு பதில்கள் சொல்லப்பட்டு வரும் கேள்வி இது. அந்தப் பதில்கள் எங்கிருந்து வந்தன, எந்த இடத்தில் உடைகின்றன என்று பார்க்கிறது இக்கட்டுரை.

கேள்வியின் இந்திய முகம்

ஏர் ரைபிள் ஒலிம்பிக்கில் நுழைந்தது 1984இல், லாஸ் ஏஞ்சல்ஸில். இந்தியாவில் தேசிய ரைபிள் சங்கம் 1951இலேயே தொடங்கப்பட்டது. மக்களவையின் முதல் சபாநாயகர் ஜி.வி. மாவ்லங்கர்தான் அதன் முதல் தலைவர். இருந்தாலும் இந்த விளையாட்டு நடுத்தர வீடுகளின் காதில் விழுந்தது 2008 ஆகஸ்ட் 11 அன்று, அபினவ் பிந்த்ரா பெய்ஜிங்கில் தங்கம் வென்ற பிறகுதான். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012இல் லண்டனில் வெண்கலம் வென்றார். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019இல் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தங்கம் வென்று, டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளுக்கும் போனார். 2022இல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டிக்கு நடிகர் அஜித்குமார் வந்தபோது, ரைபிள் கிளப் என்ற ஒன்று இருப்பதே பல ஊர்களில் அப்போதுதான் தெரிந்தது.

இந்தியப் போட்டிகளுக்கு ஒரு தனி அம்சம் உண்டு. உலக விதிப்படி நடக்கும் பிரிவுகளோடு, தேசிய விதி என்ற பெயரில் ஓபன் சைட், பீப் சைட் எனத் தனித்தனிப் பிரிவுகளும் நடந்து வந்திருக்கின்றன. வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஆன்ஷூட்ஸ் போன்ற ஜெர்மன் ரைபிள்களின் விலை இங்கே லட்சங்களில் ஓடுகிறது. அதை வாங்க முடியாதவருக்கு ஓபன் சைட் பிரிவு ஒரு நுழைவாயில். அந்த வாயிலைத் தாண்டும்போதுதான் நம் கேள்வி எழுகிறது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் ஏர் ரைபிள்களை 4.5 மி.மீ. குழல் விட்டம், 20 ஜூல் ஆற்றல் என்ற அளவுகோல்களைக் கொண்டு வகைப்படுத்துகின்றன. வாங்குவதற்கு முன் இதைச் சரிபார்ப்பது வாங்குபவர் பொறுப்பு. பொங்கலூர், பல்லடம் காடுகளில் மயில் தொல்லை உண்மையான தொல்லைதான். ஆனாலும் மயிலையோ காடை கவுதாரியையோ சுடுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கே பேசப்படுவது அட்டையில் அச்சடித்த குறியை மட்டுமே.

ஓபன் சைட் போதும் என்ற பதில்

மிகப் பழைய பதில் இது: துப்பாக்கியோடு வரும் பள்ளமும் முனையும் போதும், சுடுபவர்தான் தேற வேண்டும். இதன் வேர் ராணுவத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் படையின் லீ-என்ஃபீல்டு .303 துப்பாக்கியின் முதலாம் எண் வகையில், பின் சைட் குழலின் மேல் இருந்த திறந்த பள்ளம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து நான்காம் எண் வகையில் அந்தப் பள்ளத்தை எடுத்துவிட்டு, கண்ணுக்கு அருகே துளை வைத்தார்கள். வங்காளத்தின் இசாபூர் தொழிற்சாலையோ பழைய வகையையே தொடர்ந்து செய்தது. நம் காவல்துறையினர் நெடுங்காலம் தோளில் சுமந்த .303 அந்த மரபில் வந்தது. என்.சி.சி. முகாமில் .22 ரைபிளைப் பிடித்துப் படுத்த மாணவர்களுக்கும் பள்ளத்தின் நடுவே முனை, முனையின் மேல் குறி என்பதே முதல் பாடம். ஓபன் சைட்தான் அடிப்படை என்ற எண்ணம் இந்தியப் பயிற்சியாளர்களிடம் ஆழமாக வேரூன்றியிருப்பதில் வியப்பில்லை.

இதற்கு நியாயமும் இருக்கிறது. ஓபன் சைட் பிழையை மறைக்காது. மூச்சு தவறினாலும் டிரிகரை வெடுக்கென்று இழுத்தாலும் அட்டையில் அப்படியே தெரியும். செலவு இல்லை, உடைய ஏதும் இல்லை.

பலவீனம் கண்ணில் இருக்கிறது. பின் பள்ளம், முன் முனை, குறி என்ற மூன்றும் மூன்று தூரங்களில் இருக்க, கண் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கூர்மையாகக் காட்டும். அடுத்த பலவீனம் கணக்கில் இருக்கிறது. பின் சைட்டுக்கும் முன் சைட்டுக்கும் இடையே 45 செ.மீ. இருக்கும் ஒரு ரைபிளில், கண் அவற்றை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தவறாகச் சேர்த்தால், 10 மீட்டரில் குண்டு 2.2 மி.மீ. விலகும். இடைவெளி 75 செ.மீ. ஆனால் அதே தவறு 1.3 மி.மீ. விலகலாகச் சுருங்கும். அட்டையில் வளையத்துக்கு வளையம் 2.5 மி.மீ.; தசமப் புள்ளி ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர். ஆக, 2.2 மி.மீ. விலகினால் 10.9 ஆக வேண்டியது பத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். 1.3 விலகினால் 10.4 கிடைக்கும். 2013க்குப் பிறகு தகுதிச் சுற்றிலும் தசமத்தில் புள்ளி எண்ணத் தொடங்கிய உலகப் போட்டிகளில் இந்த வித்தியாசம் பெரியது.

துளை வழியே பார்க்கும் பதில்

கண்ணுக்கு அருகே சிறு துளை வைக்கும் யோசனையும் பழையதே. 1870களின் இறுதியில் அமெரிக்காவில் வில்லியம் லைமன் அதைச் சந்தைப் பொருளாக்கினார். இன்றைய ஏர் ரைபிள் பீப் சைட் அந்த மரபில் வந்ததுதான். முன்னால் முனைக்குப் பதிலாக ஒரு வளையம் இருக்கும்.

இது வேலை செய்யும் விதத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். சிறு துளை கண்ணுக்குள் போகும் ஒளிக்கற்றையை ஒடுக்குகிறது. அதனால் முன் வளையமும் தூரத்துக் குறியும் ஒரே நேரத்தில் ஓரளவு தெளிவாகின்றன. துளைக்குள் வளையம், வளையத்துக்குள் கறுப்பு வட்டம் என்று வட்டத்துக்குள் வட்டமாகக் காட்சி அமைகிறது. ஆரோக்கியமான கண் பிரித்தறியும் எல்லை ஏறத்தாழ ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 10 மீட்டரில் அது 2.9 மி.மீ. அரை மில்லிமீட்டர் பொட்டை அங்கிருந்து எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. சுடுபவர் அதைப் பார்ப்பதும் இல்லை. வளையத்துக்கும் கறுப்புக்கும் நடுவே தெரியும் வெள்ளை விளிம்பு சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார். ஒரு பொருளைப் பிரித்தறிவதைவிட, இரண்டு வட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று நடுவாக இருக்கின்றனவா என்பதைக் கண் நுட்பமாகக் கண்டுபிடிக்கும். பீப் சைட்டின் வெற்றி முழுவதும் இதில்தான் நிற்கிறது.

இதிலிருந்து மிக மலிவான ஒரு மேம்பாடு கிடைக்கிறது. கண்ணிலிருந்து 90 செ.மீ. தூரத்தில் முன் சைட் இருந்தால், 30.5 மி.மீ. கறுப்பு வட்டம் அங்கே ஏறத்தாழ 2.7 மி.மீ. அளவாகத் தெரியும். முன் வளையம் அதை ஒட்டி மிகச் சிறிதாக இருந்தால் வெள்ளை விளிம்பு மெலிந்து, கை ஆடும் ஒவ்வொரு முறையும் கறுப்பு வளையத்தில் முட்டும். சுடுபவர் பதறி டிரிகரை இழுப்பார். வளையத்தைச் சற்றுப் பெரிதாக்கினால் காட்சி அமைதியாகும். 3.6 மி.மீ. முதல் 4.5 மி.மீ. வரை சில வளையங்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதற்கு ஆகும் செலவு, புது சைட்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. பலரும் இதைச் செய்யாமல் அடுத்த பெரிய செலவுக்குத் தாவிவிடுகிறார்கள் என்பது வருத்தம் தருவது.

பீப் சைட்டில் துளை மலிவு. கோவை, திருப்பூர் வட்டாரத்தில் நல்ல லேத் பட்டறை ஒன்றில் ஒரு மில்லிமீட்டர் துளையிட்ட தட்டைச் சுத்தமாகக் கடைந்துவிட முடியும். விலை இருப்பது அந்தத் துளையை இம்மி பிசகாமல் நகர்த்தி, நகர்த்திய இடத்திலேயே நிறுத்தும் திருகில்தான். நல்ல சைட்டில் ஒரு கிளிக் குண்டைக் கால் மில்லிமீட்டரை ஒட்டி நகர்த்தும். நான்கு கிளிக் வலம் போய் நான்கு கிளிக் இடம் வந்தால் பழைய இடத்துக்கே திரும்பும். மலிவான சைட்டில் திருகு புரியின் தளர்வு முதல் இரண்டு கிளிக்கை விழுங்கிவிடும். வாங்கும்போது கடையில் பார்க்க வேண்டியது பளபளப்பை அல்ல, இந்தத் திரும்பி வருதலைத்தான்.

பீப் சைட் ஆதரவாளர்கள் அதிகம் பேசாத பலவீனம் ஒன்றும் இருக்கிறது. குறைந்த விலை ஏர் ரைபிள்களில் பெரும்பாலானவை குழலை மடக்கிப் பெல்லட் போடும் வகை. அவற்றில் ஓபன் சைட்டின் பின் பள்ளம், முன் முனை இரண்டுமே குழலின் மேல் இருக்கும். குழல் மூடும்போது கீல் முன்பு நின்ற இடத்திலிருந்து துளி விலகி நின்றாலும் இரண்டும் சேர்ந்தே விலகுவதால் குறி கெடாது. பீப் சைட்டோ பின்னால், உடலின் மேல் அமர்கிறது. முன் வளையம் மட்டும் குழலோடு போகிறது. இப்போது கீலின் தளர்வு ஒவ்வொரு முறையும் குறியில் பிழையாக வந்து சேரும். ஆகவே மடக்குக் குழல் ரைபிளுக்குப் பீப் சைட் வாங்கும் முன், மூடிய குழலைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்து, ஆட்டம் இருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டும். குழல் அசையாமல் நிலையாக இருக்கும் ரைபிளில் இந்தச் சிக்கலே இல்லை. பீப் சைட் போட்டும் புள்ளி ஏறவில்லை என்ற குறைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

ஸ்கோப் என்ற பதில்

தொலைநோக்கிச் சைட் 1840களிலேயே அமெரிக்க ரைபிள்களில் வந்துவிட்டது. குறியைப் பெரிதாக்கும், குறியையும் சிலுவைக் கோட்டையும் ஒரே தளத்தில் காட்டும், வயது ஏறிய கண்ணுக்கு நிம்மதி. மேம்பாடு என்றதும் பெரும்பாலோர் மனதில் வருவது இதுதான்.

போட்டிக்குப் போகிறவருக்கு இதில் முதல் தடை விதி. 10 மீட்டர் ஏர் ரைபிளில் துப்பாக்கியின் மேல் தொலைநோக்கியோ பார்வை திருத்தும் லென்ஸோ பொருத்தக் கூடாது. சுடுபவர் கண்ணாடி அணிந்துகொள்ளலாம். எனவே ஸ்கோப்பில் போடும் பணம் போட்டி மேடைக்குக் கூட வராது.

பொழுதுபோக்காக அட்டை சுடுகிறவருக்கு ஸ்கோப் பொருந்தலாம். அங்கேயும் மலிவு ஸ்கோப்பில் ஒரு பெரிய பொறி உண்டு: பேரலாக்ஸ். சாதாரண ஸ்கோப்புகள் பலவற்றில் குறியும் சிலுவையும் ஒரே தளத்தில் விழுவது 100 கஜத்துக்கு, அதாவது 91 மீட்டருக்கு. அதை 10 மீட்டரில் பயன்படுத்தினால் குறி மங்கும். கண் நடுவிலிருந்து விலகினால் சிலுவையும் விலகும். 40 மி.மீ. முகப்பு லென்ஸ் கொண்ட ஸ்கோப்பில் கண் ஓரத்தின் எல்லைக்கே போனால், இந்த விலகல் 10 மீட்டரில் கணக்குப்படி 17 மி.மீ.க்கும் மேல் போகலாம். அட்டையில் அது ஏழு வளையம்! கன்னத்தை ஒரே இடத்தில் பதிப்பவருக்கு இவ்வளவு வராது. ஆனால், கன்னத்தை ஒரே இடத்தில் பதிக்கத் தெரிந்தவருக்கு ஸ்கோப் அவ்வளவு தேவையும் இல்லை. 10 மீட்டர் வரை குவியம் மாற்றும் வசதியுள்ள ஸ்கோப் இதைத் தீர்க்கும், விலை ஏறும்.

அடுத்து, ஸ்பிரிங் ரைபிளின் உதை. வெடிமருந்துத் துப்பாக்கி பின்னால் மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் ரைபிளில் பிஸ்டன் முன்னால் பாயும்போது ரைபிள் பின்னே போய், பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னே இழுபடும். ஒரு திசை உதைக்கு மட்டும் செய்த ஸ்கோப்பின் உட்பகுதி இந்த இரட்டை உதையில் தளர்ந்துபோகும். பிடிப்பு வளையமும் மெல்ல நகரும். மலிவு ஸ்கோப் தோற்பது பெரும்பாலும் லென்ஸில் அல்ல, அதைத் தாங்கும் ஸ்பிரிங்கிலும் திருகிலும் பிடிப்பிலும்தான். ரெட் டாட் என்னும் செம்புள்ளிச் சைட் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: விரைவுக்கு உதவும், 10 மீட்டர் அட்டையின் நுட்பத்துக்கு அந்தப் புள்ளியே பெரிது.

கருவியை விடு, பயிற்சியைப் பிடி என்ற பதில்

பல பயிற்சியாளர்கள் சொல்லும் பதில்: பணத்தைப் பெல்லட்டுக்கும் ரேஞ்ச் கட்டணத்துக்கும் போடு, பெல்லட் இல்லாமல் குறிபிடித்து டிரிகர் இழுக்கும் வெறும் பயிற்சியைத் தினம் செய். துப்பாக்கிக் குழலின் அசைவைக் கணினியில் கோடாகக் காட்டும் ரஷ்யாவின் ஸ்காட் போன்ற கருவிகள் வந்த பிறகு இந்தப் பக்கம் வலுத்தது. குண்டு வெளியேறும் கடைசி நொடியில் குழல் எங்கே அலைகிறது என்று கண்முன் பார்த்தவர்கள் சைட்டைக் குறைசொல்வது குறைந்தது. ஆய்வாளர் ஜோன் விக்கர்ஸ் முன்வைத்த 'அமைதியான கண்' ஆய்வுகளும் இதே திசையில் நிற்கின்றன: தேர்ந்தவர்களின் கடைசிப் பார்வை ஓரிடத்தில் நீண்ட நேரம் நிலைத்து நிற்கிறது.

பிந்த்ராவின் பெய்ஜிங் நாள் இந்த வாதத்துக்கு இரண்டு பக்கமும் உதவும். இறுதிச் சுற்றுக்கு முந்தைய ஒத்திகைச் சுடலில் அவர் சைட் இடம் மாறியிருந்தது; முதல் குண்டு நான்காம் வளையத்துக்குப் போனது என்று அவரே சொல்லியிருக்கிறார். இருந்த சில நிமிடங்களில் கிளிக் கிளிக்காகத் திருப்பி நேராக்கினார். இறுதிச் சுற்றில் 104.5 புள்ளி, கடைசிக் குண்டு 10.8. பதறாத மனம் வென்றது என்று ஒரு பக்கம் சொல்லலாம். திருப்பிய அளவுக்குத் திரும்பிய சைட் இல்லாமல் அந்த மனம் என்ன செய்திருக்கும் என்று மறுபக்கமும் கேட்கலாம். என் பார்வையில் இரண்டாவது கேள்விக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை.

பயிற்சியே எல்லாம் என்ற பதில் வசதியற்றவர்களிடம்தான் அதிகம் சொல்லப்படுகிறது என்பதும் எனக்கு உறுத்துகிறது. மூன்று மாதம் உழைத்தும் புள்ளி ஏறாத பிள்ளை தன் கையைத்தான் சந்தேகிக்கும், தளர்ந்த கீலை அல்ல. பிழை கருவியிலா கையிலா என்று பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது: ரைபிளை மணல்மூட்டை மேல் ஒரேமாதிரி தாங்கவைத்து, ஒரே டப்பா பெல்லட்டில் பத்து குண்டு சுட்டு, குண்டுகள் சேர்ந்து விழும் கூட்டம், அதாவது குரூப்பிங், எவ்வளவு இறுக்கம் என்று பார்ப்பது. ஸ்பிரிங் ரைபிளில் தாங்குதல் மாறினால் குண்டு விழும் இடமும் மாறும் என்பதால் இதுவும் முழுத் தீர்ப்பு ஆகாது. ஆனாலும் எதையும் வாங்கும் முன் இதைச் செய்ய ஒரு டப்பா பெல்லட்டே போதும்.

எல்லோரும் தாண்டிப்போகும் கண்

இந்த நான்கு பதில்களும் பேசாத ஒன்று கண் மருத்துவர். கிட்டப்பார்வையோ சிதறல் பார்வையோ திருத்தப்படாமல் இருக்கும் கண்ணுக்கு எந்தத் துளையும் ஓரளவுதான் உதவும். தூரப் பார்வை சரியாக இருப்பவருக்கும் 90 செ.மீ.யில் உள்ள முன் வளையம் முழுத் தெளிவாகத் தெரிய 1.1 டயாப்டர் அளவுக்குக் கண் உழைக்க வேண்டும். வயது ஏற ஏற அந்த உழைப்பு கடினமாகிறது. வளையத்துக்கும் குறிக்கும் நடுவே குவியத்தை வைக்க, தூரக் கண்ணாடி எண்ணோடு ஏறத்தாழ +0.5 சேர்ப்பது நெடுநாள் நடைமுறை. கணக்கும் அதையே சொல்கிறது: 1.1இல் பாதி. டியூப் லைட்டின் கீழ் நாள் முழுக்கத் தையல் பார்த்துக் களைத்த கண்ணோடு மாலையில் ரேஞ்சுக்கு வருபவருக்கு இது இன்னும் முக்கியம்.

துளையின் அளவும் கண்ணோடு சேர்ந்தது. சிறிதாக்கினால் தெளிவு கூடும். எல்லை மீறினால் ஒளி குறைந்து, ஒளியே விளிம்பில் சிதறிக் காட்சி மங்கும். வெளிச்சம் குறைந்த கொட்டகையில் 1.0 மி.மீ.யைவிட 1.2 மி.மீ. நன்றாகத் தெரியலாம். அட்டையின் மேல் ஒரு நல்ல எல்.இ.டி. விளக்கைப் போடுவது பல நேரம் துளையை மாற்றுவதைவிட அதிகம் உதவும்.

எது முதலில், எது இன்னும் தெரியாதது

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், போட்டி நோக்கமுள்ள, கையிருப்பு குறைந்த ஒருவருக்கு வரிசை ஓரளவு தெளிவாகிறது. கண் பரிசோதனை, கீலும் திருகும் இறுக்கமா என்ற சோதனை, ஒரே வகைப் பெல்லட்டில் குரூப்பிங், பிறகு முன் வளையங்கள், அதன் பிறகு திரும்பி வரும் திருகுள்ள ஒரு பீப் சைட். அந்த பீப் சைட் பழையதாக, கைமாறி வந்ததாக இருந்தாலும் பரவாயில்லை. ஸ்கோப் இந்த வரிசையில் வரவே இல்லை. 10 மீட்டர் போட்டியை நினைக்காதவருக்கு மட்டுமே அது தனிக் கேள்வி.

தெளிவாகாதவையும் உண்டு. ஓபன் சைட்டில் தொடங்கிப் பிறகு பீப் சைட்டுக்கு மாறுபவர், நேராகப் பீப் சைட்டில் தொடங்குபவரைவிடச் சிறந்து வளர்கிறார் என்பது இந்தியப் பயிற்சியாளர்களிடையே வெறும் நம்பிக்கையாகவே நிற்கிறது. இருபுறமும் ஒரே அளவு பயிற்சி கொடுத்து, பல ஆண்டு புள்ளிகளை ஒப்பிட்டால்தான் அதைச் சோதிக்க முடியும். தேசிய விதிப் பிரிவுகள் இரண்டையும் தனித்தனியே நடத்தி வந்த நாட்டில் அதற்கான புள்ளிப் பட்டியல்கள் மாநிலச் சங்கங்களிடமே இருக்க வாய்ப்புண்டு. ஓபன் சைட் பிரிவு எளியவருக்கு வாயிலா, அல்லது அவரை அங்கேயே நிறுத்திவைக்கும் திண்ணையா என்பதும் அந்தப் பட்டியல்களைப் பிரித்துப் படித்தால் தெரியும்: ஓபன் சைட்டில் பதக்கம் வாங்கியவர்களில் எத்தனை பேர் மூன்று ஆண்டுகளுக்குள் உலக விதிப் பிரிவில் பெயர் கொடுத்திருக்கிறார்கள், எத்தனை பேர் பட்டியலிலிருந்தே காணாமல் போயிருக்கிறார்கள் என்று.